ஸ்பீட்வே பக்கம்தான்

பிரேக் பேட் வாங்கப் போகிறவன் கடைக்காரரிடம் மூன்று விவரம் சொன்னால் போதும்: என்ன வண்டி, எங்கே ஓடுகிறது, எப்படி ஓட்டுகிறான். முதலாவதை நான் உண்மையாகச் சொன்னேன். இரண்டாவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் கேட்டவர் தப்பாகப் புரிந்துகொள்ளும்படி பார்த்துக்கொண்டேன். மூன்றாவதை அவர் கேட்கவே இல்லை. இரண்டாவது பதிலுக்குப் பிறகு கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

வண்டி ஸ்விஃப்ட். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கோவையில் நான் வாழும் வாழ்க்கைக்கு அதுவே அதிகம். காலையில் பீளமேட்டிலிருந்து கிளம்பி, சிக்னல் சிக்னலாக நின்று, செட்டிபாளையம் சாலையில் இருக்கும் ஆபீசுக்குப் போவேன். சாயங்காலம் அதே சிக்னல்களில் எதிர்ப்புறமாக நின்று திரும்புவேன். இதில் பிரேக்குக்கு என்ன குறை வந்தது, ஏன் டிஸ்க் மாற்றினேன் என்று கேட்டால், ஊட்டியிலிருந்து இறங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அதில் என் மாமனார் வருவார். அவரைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைப் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியது.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றைக்கு முன் சீட்டில் இருந்தார். பின்னால் மனைவி, மாமியார், பையன், டிக்கியில் கேரட், வர்க்கி, இன்னும் என்னென்னவோ. குன்னூர் தாண்டி நான்காவது கியரில் மிதந்து வந்துகொண்டிருந்தேன். கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் அவர் சொன்னார்: "மாப்ளே, ரெண்டாவதுல போட்டுக்கலாமுங்களே." நான் சிரித்தேன். லாரி வேறு, கார் வேறு என்று ஒரு சிரிப்பு. இன்னும் சில வளைவுகளுக்குப் பிறகு, "காலு வலிக்கலீங்களா மாப்ளே, இத்தன நேரமா மிதிச்சுட்டே வர்றீங்க" என்றார். அதற்கும் சிரித்தேன். பர்லியாறு நெருங்கும்போது காருக்குள் ஏதோ கருகும் வாசனை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக, மெத்தையில் கால் வைத்ததுபோல, உள்ளே போனது. வண்டி நின்றதுதான். ஆனால் நான் கேட்டதற்காக நிற்கவில்லை, பாவம் பார்த்து நின்றது.

ஓரமாக நிறுத்தி இறங்கினேன். முன் சக்கரங்களில் லேசான புகை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் போய் டீ சொன்னார். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு என் காலில் இல்லை, காரில்தான் என்று நிரூபித்தாக வேண்டும். ஆக, "கம்பெனிக்காரன் போட்ட டிஸ்க் மலைக்குப் பத்தாது" என்று டீக்கடையிலேயே அறிவித்தேன். மாப்பிள்ளை ஒன்றை அறிவித்துவிட்டால் பிறகு பணத்தைச் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு கணக்கைப் பின்னாளில் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடும் கேரட்டோடும் வண்டி 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வண்டி இழக்கும் ஆற்றல் சுமார் 24 மெகாஜூல். 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கலாம். இரண்டாவது கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டிருக்கும். நான் அதை முன்னால் இருந்த இரண்டு இரும்புத் தட்டுகள் தலையில் கட்டினேன். கணக்கைத் தாளில் எழுதாமலே மாமனாருக்கு இது தெரிந்திருந்தது.

டிஸ்க் வாங்கிய இடத்தில் நான் எடுத்த முடிவுக்கு ஒரே காரணம்தான்: அலாய் வீலின் இடுக்கு வழியாக வெளியே தெரிய வேண்டும். சாதாரண டிஸ்க் வெறும் தட்டு. நான் பார்த்ததில் வரிசை வரிசையாக ஓட்டை, நடுவே வளைந்து ஓடும் கோடுகள். நின்றுகொண்டிருக்கும் வண்டியே வேகமாகப் போவதுபோல் இருந்தது. அந்த ஓட்டைகள் எதற்கு என்று வாங்கிய பிறகு படித்தேன். பழைய காலத்துப் பேட்கள் சூடேறினால் அவற்றைக் கட்டியிருக்கும் பிசினிலிருந்து வாயு கிளம்பும். அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால் பிடி குறையும். அது வெளியேற வழி ஓட்டை. இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. மாறாக, அடிக்கடி சூடாகி ஆறும் டிஸ்க்கில் விரிசல் முதலில் கிளம்புவது அந்த ஓட்டைகளின் விளிம்பிலிருந்துதான். கோடுகள் கொஞ்சம் உபயோகம்: பேடின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும். துடைக்கிறேன் பேர்வழி என்று பேடையும் சீக்கிரம் தேய்க்கும், உர்ரென்று ஒரு சத்தமும் போடும்.

இதில் எனக்கு வலித்தது வேறொன்று. வெப்பத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது டிஸ்க்கின் இரும்பு. எவ்வளவு இரும்போ அவ்வளவு தாங்கும். நான் வாங்கியது பழையதன் அதே விட்டம், அதே கனம். அதில் ஓட்டை போட்டு இரும்பை எடுத்துவிட்டார்கள். மலைக்குப் பத்தாது என்று சொல்லிவிட்டு, இருந்ததைவிடக் குறைந்த இரும்பைக் கூடுதல் விலைக்கு வாங்கி வந்திருந்தேன்.

இனி பேட். புது டிஸ்க்குக்குப் பழைய பேட் போடக் கூடாது. பழைய டிஸ்க்கின் மேடு பள்ளமெல்லாம் அதில் பதிந்திருக்கும், புதுத் தட்டில் முழுதாக உட்காராது. அது வரைக்கும் நான் சரி. கடையில் போய் நின்றபோது தெரிந்தது, பேட் என்பது ஒரு சாமான் இல்லை, ஒரு குலம். ஆர்கானிக் என்று ஒன்று: மென்மையானது, சத்தமில்லாதது, குளிரிலும் பிடிக்கும், அதிகச் சூட்டில் சோர்ந்துவிடும். செமி மெட்டாலிக்: இரும்புத் தூள் கலந்தது, சூடு தாங்கும், கரி கொட்டும், கொஞ்சம் முனகும். செராமிக்: அமைதியானது, தூசி குறைவு, வீல் சுத்தமாக இருக்கும், விலை கூட. மூலையில் தனியாக, பளிச்சென்ற நிறத்தில், பந்தயத்துக்கானது.

சில பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருந்தன. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நல்ல பேட் ஒன்றில் 'எஃப் எஃப்' என்று இருந்தது. என் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் எஃப் வந்த நாளில் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்து, அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"வண்டி எங்கீங் சார் ஓடுது?" என்றார் கடைக்காரர்.

செட்டிபாளையத்தில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கரிவரதன் பெயர் தாங்கிய பந்தயப் பாதை. நாட்டுக்குப் பல ஓட்டுநர்களைக் கொடுத்த இடம். அங்கே நான் வேலிக்கு இந்தப்புறம் நின்று சோளக்கதிர் தின்றிருக்கிறேன். என் ஆபீஸ் அந்தச் சாலையில்தான். எனவே சொன்னேன்: "ஸ்பீட்வே பக்கம்தாங்க. தினமும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தொப்பையில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு மூலையிலிருந்து பந்தய பேடை எடுத்து வைத்தார். பெட்டியில் போட்டிருந்த வேலை செய்யும் வெப்பநிலை 200 டிகிரியில் தொடங்கியது. ஆகா, என்ன தாங்கும் திறன் என்று மெய்சிலிர்த்தேன். 200 வரை தாங்கும் என்பதும் 200-க்கு மேல்தான் வேலையே ஆரம்பிக்கும் என்பதும் வேறு வேறு என்பது, மறுநாள் காலை எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் புரிந்தது.

இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டி. சரிவில் இறங்கி கேட் அருகே பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லுபோல் இருந்தது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்த வேகம் அவர் வயதுக்கு அதிகம். அன்றிலிருந்து என் கார் வரும் சத்தம் கேட்டாலே கேட்டைத் திறந்துவிட்டு தூணுக்குப் பின்னால் போய் சல்யூட் வைப்பார். மற்றவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

பேட் சூடேற வேண்டுமே என்று வீட்டிலிருந்து முதல் சிக்னல் வரை இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்ட ஆரம்பித்தேன். ஊட்டியில் எதைச் செய்யக் கூடாதோ, அதைப் பீளமேட்டில் வேண்டுமென்றே செய்தேன். பின்விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் பின்னால் வந்தவர்களுக்கு நான் நிற்கப் போகிறேனா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு டவுன் பஸ் டிரைவர் ஜன்னலுக்கு இணையாக வந்து, இங்கே எழுத முடியாத சில விளக்கங்களைக் கொடுத்தார்.

அப்புறம் சத்தம். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு கீச்சொலி, தெருக்கோடியில் இருக்கும் நாய்கள் ஒருசேர எழுந்து பதில் சொல்லும் உயரத்தில். பேட் பிடிக்கும்போது அதிர்ந்து, அதிர்வு டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் பரவி, காதுக்குக் கேட்கும் அலையாகிவிடுகிறது. இதைத் தணிக்கத்தான் பேடின் முதுகில் மெல்லிய தகடு வைக்கிறார்கள், அதற்கென்றே பசை பூசுகிறார்கள். பந்தயத்தில் யாருக்கும் காது கிடையாது போல, என் பேடில் தகடு இல்லை. எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்: டிஸ்க் பிரேக்குக்கு 1902-ல் காப்புரிமை வாங்கிய லான்செஸ்டரின் பிரேக்கும் இப்படித்தான் அலறியதாம், செம்பு வைத்துத் தேய்த்ததால். நூறு வருஷத்துக்கு மேல் பின்னோக்கிப் போக நான் செலவழித்த தொகையை மனைவியிடம் பாதியாகத்தான் சொல்லியிருந்தேன். "அந்த விலைக்கு இந்தச் சத்தமா?" என்றாள். பாதி விலைக்கே அப்படிக் கேட்டாள்.

சூடேறாத பந்தய பேட் டிஸ்க்கை உப்புத்தாள் மாதிரி அரைத்துக்கொண்டே இருக்கும் என்பதை அலாய் வீல் சொன்னது. கறுப்புத் தூள் படிந்து, கழுவிய ஈரத்தில் துருப்பிடித்து, வெள்ளி நிற வீலில் காவிப் புள்ளிகள். எது வெளியே தெரிய வேண்டும் என்று டிஸ்க் வாங்கினேனோ அதை இப்போது பேட் தின்று, தின்றதை வெளியே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் மெக்கானிக் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறார். "பேட் செட் ஆகலீங்ணா. மொறயாப் போட்டுப் பழக்குனீங்ளா?" என்று கேட்டார். புது பேடையும் புது டிஸ்க்கையும் பழக்குவது என்று ஒரு சடங்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை பிரேக் போட்டுக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. மறுபடி வேகமெடுத்து மறுபடி குறைக்க வேண்டும். இப்படிப் பலமுறை செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் சீராகப் படியும். அதற்குப் பிறகு பேட் உரசுவது பெரும்பாலும் அந்தப் படலத்தோடுதான். இந்தச் சடங்கில் ஒரு விதி முக்கியம்: சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடி நிற்கவே கூடாது. நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

நீலாம்பூர் பைபாஸில் இரவு பதினொரு மணிக்கு இதைச் செய்துகொண்டிருந்தேன். வேகமெடுப்பது, குறைப்பது, வேகமெடுப்பது, குறைப்பது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரோந்து போலீஸ் கை காட்டினார்கள். நின்றேன். பிரேக்கை அழுத்தியபடிதான் நின்றேன், வேறு எப்படி நிற்பது? முன் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் ஜன்னல் வழியாக ஏட்டையாவின் முகத்துக்கு வந்தது. "குடிச்சிருக்கீங்களா?" என்றார். ஊதிக் காட்டினேன். "பின்ன எதுக்கு இப்படி ஓட்டறீங்க?" பிரேக் பேடின் பொருள் டிஸ்க்கில் படலமாகப் படிவதைப் பற்றி விளக்கினேன். காலை பிரேக்கிலிருந்து எடுக்காமலே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொரு முறை ஊதச் சொன்னார்.

மறுநாளிலிருந்து 70-ல் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறியது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டி லேத்துக்கு எடுத்துப் போனேன். லேத்துக்காரர் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றினார். முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். "நேராத்தான் இருக்குதுங். மேல திட்டுத் திட்டாப் படிஞ்சிருக்கு, பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். மேடும் பள்ளமும் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு இருந்தாலே கைக்கு உதறல் தெரியும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் திட்டுதான் என்று அவர் சொன்னபோது, நானும் ஏற்கெனவே தெரிந்தவனைப் போலத் தலையாட்டினேன்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்று ஒருவர். 1897-ல் ஃபெரோடோ என்ற பிரேக் கம்பெனியைத் தொடங்கினார். ஃப்ரூட் என்ற தன் பெயரின் ஆங்கில எழுத்துகளோடு ஒரு 'ஈ' சேர்த்துக் கலைத்துப் போட்டு வைத்த பெயர் அது. மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை வைத்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பழைய சைக்கிள் ஞாபகம் வந்தது. பிரேக் கட்டை தேய்ந்து போன வாடகை சைக்கிளில், பள்ளத்தில் இறங்கும்போது ரப்பர் செருப்புக் காலை முன் டயருக்கும் கவட்டைக்கும் நடுவில் கொடுத்து நிறுத்துவோம். குளிரிலும் பிடிக்கும், சத்தம் கிடையாது, பழக்க வேண்டியதில்லை. என் வாழ்நாளில் வண்டிக்கும் சாலைக்கும் வேகத்துக்கும் சரியாகப் பொருந்துகிற உராய்வுப் பொருளை நான் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு தடவைதான். செருப்பு தேய்ந்ததற்கு அடி வாங்கினேன் என்பது வேறு.

கடைசியில் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார். ஊட்டியில் பெடல் உள்ளே போனதா, இல்லை கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லையா? உள்ளே போனது என்றேன். "அப்புறம் எதுக்குங்ணா டிஸ்க்கையும் பேடையும் மாத்துனீங்க?" பேட் சோர்ந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், பிடி மட்டும் இருக்காது. என் பந்தய பேட் காலையில் காட்டியது அதைத்தான், சூட்டுக்குப் பதில் குளிரில். பெடல் மெத்தென்று உள்ளே போனால் அது பிரேக் ஆயில் கொதித்த அடையாளம். அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் போய்ச் சேரும், குமிழியை அழுத்தினால் குமிழி சுருங்கும், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று அவர் கேட்டார். மாற்ற வேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப நாளாச்சுங்" என்றேன். மூடியைத் திறந்தார். உள்ளே கஷாய நிறம்.

ஒரு பாட்டில் பிரேக் ஆயில். நான் செலவழித்த மொத்தத்தில் அதன் விலையைப் பங்கிட்டுச் சொன்னால் என் மனைவி இந்தப் பத்தியைப் படிப்பாள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பேடையும் மாற்றினோம். வண்டியோடு வருகிற சாதாரண வகை. நாட்டின் பிரேக் சாமான்களில் கணிசமானவை சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் பல காலமாகத் தயாராகின்றன. பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே தொடங்கிவிட்டது. நான் பேட் தேடி உலகமெல்லாம் அலைந்தேன். டிஸ்க்கின் திட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார்கள், உதறல் நின்றது. கோடு போட்ட டிஸ்க் சாதாரண பேடைக் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும், தேயட்டும். கழற்றிய பந்தய பேடை யாரும் வாங்கவில்லை. மெக்கானிக் கடையில் ஜாக்கி வழுக்காமல் இருக்க அண்டக்கொடுத்திருக்கிறார்கள். கல் மாதிரி உழைக்கிறதாம்.

அடுத்த தடவை ஊட்டியிலிருந்து இறங்கும்போது, குன்னூர் தாண்டியதும் யாரும் சொல்லாமலே இரண்டாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் உறுமியது. மாமனார் திரும்பிப் பார்த்தார். "புது டிஸ்க்குங்களா மாப்ளே? நல்லாப் புடிக்குது" என்றார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை. "ஆமாங்க மாமா" என்றேன்.

போன வாரம் பார்க்கிங்கில் மூன்றாவது மாடிப் பையன், இன்ஜினியரிங் படிக்கிறவன், என் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிஸ்க்கின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். "செம அங்கிள்! டிராக் பேடா போட்டிருக்கீங்க?" என்றான். அவனிடம் முழுக் கதையையும் சொல்லும் அருமையான வாய்ப்பு அது. நானோ 1953 லெ மான்ஸ் பந்தயத்திலிருந்து ஆரம்பித்தேன். டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி டைப், 24 மணி நேரம், சராசரியே 170 கிலோமீட்டர், டிரம் பிரேக்காரர்கள் எல்லாம் பின்னால். பையன் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு, "நீங்க எங்க அங்கிள் ஓட்டுவீங்க?" என்று கேட்டான்.

"ஸ்பீட்வே பக்கம்தான் தம்பி" என்றேன்.